ஓடாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ்? – நீலகிரியிலிருந்து ஒரு சரித்திரக் கேள்வி

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று எங்கே போனாலும் ஒரு காட்சி கண்ணில் படும். வீட்டுக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு ஜீப். நான்கு டயரிலும் காற்று இல்லை. தென்மேற்குப் பருவமழையில் நனைந்து, வடகிழக்குப் பருவமழையிலும் நனைந்து, அடிப்பாகம் துருப்பிடித்து, சீட்டெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். உரிமையாளரிடம் கேட்டால் "ஓட்டறதே இல்லீங்க, அதுக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?" என்பார். நியாயமான கேள்விதானே என்று தோன்றும். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி பம்பாய், சென்னை, டெல்லி, ஐரோப்பா என்று பல நீதிமன்றங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன.

முதலில் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் 1930-ல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். வண்டி மோதி அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு தர உரிமையாளரிடம் பணம் இல்லாமல் போனால் என்ன செய்வது? அதற்காகத்தான் மூன்றாம் நபர் காப்பீடு அங்கே கட்டாயமானது. நம் ஊரில் அதைப் பார்த்து 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் எழுதினார்கள். ஆனால் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் அத்தியாயம் மட்டும் உடனே அமலுக்கு வரவில்லை. நடுவில் உலகப் போர். பெட்ரோலுக்கு ரேஷன், பஸ்கள் கரி வாயுவில் ஓடிய காலம். கடைசியில் 1946 ஜூலை 1-ல்தான் அமலானது. இப்போது நடைமுறையில் இருக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-வது பிரிவும் அதன் வாரிசுதான்.

அந்தப் பிரிவில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். "பொது இடத்தில்" வண்டியைப் "பயன்படுத்த" வேண்டுமானால் காப்பீடு வேண்டும். வண்டியை வைத்திருந்தால் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எனவே தார்ப்பாய் ஜீப்காரர் சொல்வது எழுத்தளவில் சரி. சொந்த ஷெட்டுக்குள் நிற்கும் வண்டிக்கு பாலிசி இல்லை என்று யாரும் அபராதம் போட முடியாது. சாலையில் இறக்கினால்தான் வம்பு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

(ஒரு சின்ன சுவாரசியம்: தண்டவாளத்தில் ஓடுவது எதுவும் இந்தச் சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்த நம்ம மலை ரயிலுக்கு இந்தத் தலைவலி கிடையாது!)

சிக்கல் ஆரம்பிப்பது "பொது இடம்" என்ற சொல்லில். பொதுமக்கள் நுழைய உரிமையுள்ள சாலை, தெரு, வழி அல்லது வேறு இடம் என்று சட்டம் அதற்கு விளக்கம் தருகிறது. சரி, தேயிலை எஸ்டேட் ரோடு பொது இடமா? நிலம் கம்பெனியுடையது. நுழைவாயிலில் "அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது" என்று போர்டு இருக்கும். ஆனால் உள்ளே தொழிலாளர் லைன் வீடுகள், பிள்ளைக் காப்பகம், கோயில், மளிகைக்கடை எல்லாம் இருக்கும். கொழுந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் அதே ரோட்டில்தான் போகும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் அதே ரோட்டில்தான் நடப்பார்கள். எஸ்டேட்டை விட்டு வெளியே வராத டிராக்டர்தானே என்று காப்பீடு எடுக்காமல் விட்டு, அது ஒரு பிள்ளை மேல் ஏறிவிட்டால்? தொழிலாளிக்கு அடிபட்டால் கைகொடுக்க தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. தொழிலாளியின் பிள்ளைக்கும், விருந்துக்கு வந்த உறவினருக்கும் அது பொருந்தாது. காப்பீடு எடுத்திருந்தாலும்கூட "இது தனியார் இடம், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று கம்பெனி கையை விரித்துவிடலாம். விரித்தும் இருக்கிறார்கள்.

இந்த வாதத்தை முதலில் பெரிய அளவில் உடைத்தது பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, 1980-களின் கடைசியில். பின்னர் 1999-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதே வழியில் போனது. நிலம் யாருடையது என்பது முக்கியமில்லை. மக்கள் அங்கே போய் வருகிறார்களா என்பதே கேள்வி. அனுமதி வாங்கிப் போனாலும், கட்டுப்பாட்டோடு போனாலும் அது பொது இடம்தான். தமிழ்நாட்டில் இருக்கும் எஸ்டேட்டுகளைப் பொறுத்தவரை என் கணக்கில் இது பெரிய தீர்ப்பு. கேட்டில் மாட்டியிருக்கும் போர்டு இனி காப்பாற்றாது.

அடுத்தது "பயன்படுத்துதல்". வண்டி நகராமல் நின்றால் அது பயன்பாடா? இதற்கு விடை சொன்ன வழக்கு பயங்கரமானது. 1987 அக்டோபரில், மகாராஷ்டிராவில் புனே–பெங்களூர் நெடுஞ்சாலையில் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு பெட்ரோல் டேங்கரும் லாரியும் மோதின. டேங்கர் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. பெட்ரோல் கசிய ஆரம்பித்தது. விடிந்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே கூடினார்கள். மோதி நான்கு மணி நேரத்துக்கும் மேலான பிறகு டேங்கர் வெடித்தது, பலர் இறந்தார்கள். "கவிழ்ந்து கிடந்த வண்டியை யார் பயன்படுத்தினார்கள்?" என்பது எதிர்த்தரப்பின் வாதம். 1991-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வண்டி நின்றாலும், பழுதாகி அசையாமல் கிடந்தாலும் அது பயன்பாட்டில் இருப்பதாகவே கொள்ளலாம் என்றது. இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்க வழி பிறந்தது.

இப்போது ஐரோப்பாவுக்கு ஒரு தாவு தாவுவோம், ஏனென்றால் அங்கே நம் எஸ்டேட் கதையே நடந்திருக்கிறது. ஸ்லோவேனியாவில் 2007-ல் ஒரு பண்ணைக் களத்தில் வைக்கோல் கட்டுகளை பரணில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரெய்லர் மாட்டிய டிராக்டர் பின்னால் வந்து ஏணியில் இடித்தது, ஏணியில் நின்றவர் விழுந்தார். சாலையே இல்லாத இடம்! 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம், வண்டி அதன் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தால் களமாக இருந்தாலும் கட்டாயக் காப்பீடு பொருந்தும் என்றது.

அதைவிட நம் தார்ப்பாய் ஜீப்புக்கு நெருக்கமானது போர்ச்சுகல் வழக்கு. உடல்நிலை சரியில்லாமல் ஒரு அம்மா கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, வீட்டு முற்றத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தார். பதிவை ரத்து செய்யவில்லை, காப்பீடும் எடுக்கவில்லை. 2006 நவம்பரில் அவருடைய மகன் கேட்காமலே காரை எடுத்துக்கொண்டு போனார். விபத்தில் அவரும் உடன் சென்ற இருவரும் இறந்தார்கள். 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ஓட்டும் நிலையில் இருக்கிறது, முறைப்படி பதிவிலிருந்து விலக்கவும் இல்லை என்றால், முற்றத்தில் நின்றாலும் காப்பீடு இருந்தே ஆகவேண்டும். மகனை இழந்த தாயிடம் பணம் கேட்பதா என்று மனசு கஷ்டப்படுகிறது. ஆனால் இறந்த மற்ற இரண்டு பேருக்கும் பெற்றோர் இருப்பார்களே.

நாம் பார்த்து எழுதிய இங்கிலாந்து சட்டமே பிறகு மாறிவிட்டது. 1998 முதல் அங்கே வண்டியை ஓட்டாமல் வைத்திருப்பவர் அதை அரசுக்கு அறிவிக்கும் முறை வந்தது. 2011 ஜூன் முதல் அப்படி அறிவிக்காமல் வண்டி வைத்திருந்தாலே காப்பீடு கட்டாயம். பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், அந்த ஸ்லோவேனிய டிராக்டர் தீர்ப்பு தங்களுக்கு வேண்டாம் என்று 2022-ல் தனிச் சட்டமே போட்டார்கள். நாமோ இன்னும் 1930-ன் சொற்களோடு இருக்கிறோம்.

வரி விஷயத்தில் அதே சொல் எதிர்ப்பக்கம் திரும்பியதையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில், விசாகப்பட்டினம் உருக்காலையின் சுற்றுச்சுவருக்குள் மட்டும் ஓடிய வாகனங்களுக்கு மோட்டார் வாகன வரி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூடிய வளாகம் பொது இடமல்ல என்பது காரணம். இதைப் படித்துவிட்டு எஸ்டேட்காரர்கள் சந்தோஷப்பட அவசரப்பட வேண்டாம். உருக்காலைக்குள் குடும்பங்கள் குடியிருக்கவில்லை, லைன் வீடுகளில் இருக்கிறார்கள்.

அப்புறம் அரசு பஸ். அரசுப் போக்குவரத்து நிறுவனங்கள் தனியாக நிதி வைத்துக்கொண்டால் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறலாம் என்று அதே 146-வது பிரிவு சொல்கிறது. அதனால்தான் நஷ்ட ஈடு தரத் தாமதமானால் கோர்ட் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்துகொண்டு போகும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். காப்பீடு இல்லாததால் ஓடாமல் நிற்கும் வண்டி என்றால் அதுதான் :-)

சரி, ஓட்டாத காலத்துக்கு சலுகையே கிடையாதா? உண்டு. 2002 ஜூலையில் வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளில் "ஷெட்டில் நிறுத்தி வைத்த வண்டி"க்கு என்றே ஒரு பின்குறிப்பு இருந்தது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்தக் காலத்துக்குக் கம்பெனியின் பொறுப்பு நிறுத்தி வைக்கப்படும். பதிலுக்கு அடுத்த பிரீமியத்தில் கழிவு கிடைக்கும், அல்லது கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் பாலிசி காலம் நீளும். தீ, வெடிப்பு, மின்னல், திருட்டு, கலவரம், புயல், வெள்ளம், பூகம்பம் ஆகியவற்றுக்கு மட்டும் பாதுகாப்பு தொடரும்.

இந்தப் பட்டியலை நீலகிரிக்காரர் கண்ணால் படித்துப் பாருங்கள். நிலச்சரிவு இல்லை! சாதாரண முழு பாலிசியில் நிலச்சரிவும் பாறைச்சரிவும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணில் புதைந்து இறந்தார்கள். இங்கே நிறுத்தி வைத்த வண்டிக்கு வரும் ஆபத்துகளில் முதலாவது அது. இரண்டாவது காட்டுமாடு. ராத்திரியில் வாசலுக்கு வந்து கதவை முட்டி நசுக்கிவிட்டுப் போனால் முழு பாலிசியில் அது வெளியிலிருந்து வந்த விபத்து, கேட்கலாம். நிறுத்தி வைத்த காலத்தில் கேட்க முடியாது. சமவெளியில் உட்கார்ந்து எழுதிய விதி என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. கோயம்புத்தூர் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் பற்றி உச்ச நீதிமன்றத்தில் 2012-ல் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று வருடம், புதிய பைக்குக்கு ஐந்து வருடம் மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாக எடுத்தாக வேண்டும் என்றானது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் பணம் கட்டியாயிற்று. சட்டத்தின் சொல் "பயன்படுத்து" என்றே இருக்க, வாங்கியவுடனே "வைத்திரு" என்பதற்கான காசை வசூலித்துவிடுகிறார்கள். பழைய வண்டிகள்தான் இன்னும் வெளியே நிற்கின்றன.

2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓட்டும் தூரத்துக்கு ஏற்ப சொந்த சேதப் பிரீமியம் வாங்கும் பாலிசிகளை அனுமதித்தது. மாதம் ஒரு தடவை ஊட்டி மார்க்கெட்டுக்கு மட்டும் போகும் வண்டிக்கு இது பொருந்தும். மூன்றாம் நபர் கட்டணத்தில் மட்டும் குறைப்பு கிடையாது, அது அரசு நிர்ணயிப்பது. பாலிசியைக் காலாவதியாக விட்டவர்கள் 90 நாள் கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும். அதைத் தாண்டினால் பல வருடம் சேர்த்த நோ க்ளைம் போனஸ் போய்விடும். திரும்ப முழு பாலிசி எடுக்க, கம்பெனி ஆள் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.