கோடியக்கரையும் கால்வளையமும்

வங்கக் கடலின் கரை வடக்கேயிருந்து இறங்கி வந்து, பாக் ஜலசந்தியை எட்டியதும் மேற்கே திரும்புகிற முனையில் அமைந்திருக்கிறது கோடியக்கரை. அங்கிருந்து முத்துப்பேட்டைப் பக்கமாகப் பரந்து கிடக்கும் வேதாரண்யம் சதுப்பு நிலத்தை நம் தேசத்தார் நெடுங்காலம் உப்பு விளையும் பூமியாகவே அறிந்திருந்தார்கள். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ராஜாஜி தம் தொண்டர்களோடு திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய சத்தியாக்கிரகத்தால் அந்தக் கீர்த்தி நிலைபெற்றது. ஆனால் ஆவணி பிறந்ததும் சைபீரியாவின் துருவப் பிரதேசங்களிலிருந்து வந்திறங்கும் உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் இது எத்தகைய புகலிடம் என்பதைக் கண்ணி வைத்துப் பிழைத்தோர் அறிந்திருந்த அளவுக்கு நூல் கற்றோர் அறிந்திருக்கவில்லை.

பறவை எங்கே போய் வருகிறது என்பதை அறிவதற்காக அதன் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் பூட்டி விடும் முறையை 1899-இல் டென்மார்க்கில் ஹான்ஸ் மோர்ட்டென்சன் என்ற ஆசிரியர் தொடங்கினார். நம் நாட்டில் அது பெருமுயற்சியாக வளர்ந்ததற்கு ஒரு வியாதியே காரணமாயிற்று. 1957-இல் ஷிமோகா ஜில்லாவின் க்யாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து, மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியபோது, அந்த நோய்க்கிருமியை ருஷ்யாவிலிருந்து வலசை வரும் பறவைகள் தம் உடலில் ஒட்டிய உண்ணிகளோடு கொண்டு வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. அதை ஆராயும்பொருட்டு 1959-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், பறவையியல் அறிஞர் ஸாலிம் அலியின் தலைமையில் வளையமிடும் பணியை மேற்கொண்டது. சந்தேகம் மெய்ப்படவில்லை, அதன்பொருட்டுப் பிறந்த பணியோ நிலைத்து, கோடியக்கரையிலும் வேரூன்றியது. 1967-இல் இவ்விடம் வன உயிர்ச் சரணாலயமாயிற்று.

இப்பணிக்கு வேண்டிய கைத்திறனைத் தந்தவர்கள் பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள். சந்தைக்காகப் பறவை பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட அவர்கள், எந்தப் பறவை எந்தச் சேற்றில் எந்த வேளையில் இறங்கும் என்பதைத் தந்தையிடமிருந்து பயின்றவர்கள். அந்த வித்தையையே உயிருக்கு ஊறு நேராமல் பிடித்து விடுவிப்பதற்குப் பயன்படுத்தினார்கள். இருட்டில், கழிகளுக்கிடையே கட்டிய மெல்லிய வலையில் சிக்கிய கொசு உள்ளானை விரல்களிடையே கழுத்து தளர்வாக நிற்கும்படி பிடித்து, சிறகை அளவுகோலில் வைத்து, துணிப்பையிலிட்டு நிறுத்து, குறட்டால் வளையத்தை மூடிப் பறக்க விடுவார்கள்; நிறை பெரும்பாலும் முப்பது கிராமைக்கூட எட்டாது. ஆவணியில் வரும் வளைமூக்கு உள்ளான்களின் மார்பில் இனப்பெருக்க காலத்துச் செம்மை இன்னும் முழுதும் மறைந்திராது. அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகளோ, பெற்றோர் சென்ற பிறகு புறப்பட்டு, வழிகாட்டும் துணையின்றிச் சில வாரங்கள் கழித்து வந்து சேர்கின்றன. இங்கே வளையமிட்ட உள்ளான்களில் சில சோவியத் நாட்டில் கண்டெடுக்கப்பட்டபோது, இந்தச் சேற்று நிலம் துருவத்தோடு கொண்டிருந்த உறவுக்கு ஐயமற்ற சாட்சி கிடைத்தது.

2002-இல் சுமார் 38,500 ஹெக்டேர் பரப்பு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பொருளில் ராம்சார் ஸ்தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் பறவைக்கு வேண்டியது கணுக்கால் ஆழத்து நீரும், அதிலே உப்பு மிகாததால் பெருகுகின்ற புழுக்களும் பூச்சிகளின் இளம்புழுக்களுமே. காவிரியின் கிளைகள் வழியே வரும் நன்னீர் குன்றிப்போக, உப்பளங்கள் விரிவடைய, நீரின் உவர்ப்பு ஏறி, அந்த இரை அருகி வருகிறது. வேட்டைக்காரரின் கைத்திறனை ஞானத்துக்குத் தொண்டாக்கிய தலைமுறை இந்நிலத்தின் பெருமையை நமக்கு எண்களால் நிரூபித்துக் கொடுத்துவிட்டது. எல்லை வகுத்ததோடு நம் கடமை தீர்ந்ததென்று கருதாமல், அந்த எல்லைக்குள் நன்னீர் வந்து சேரும் வழிகளைத் திறந்து வைப்பதே அவர்களுடைய உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை.