நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி

நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்பது தமிழ்நாட்டின் மதுரை மாவட்டம், மேலூர் வட்டத்தில் அமைந்துள்ள, அகழப்படாத கனிமப் பகுதியாகும். இதன் பரப்பளவு 2015.51 எக்டேர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், அ. வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி உள்ளிட்ட ஊர்களின் நிலங்கள் இதில் அடங்கும்.

கனிமத்தின் பயன்

டங்ஸ்டன் 74 என்ற அணு எண்ணைக் கொண்ட தனிமம். உலோகங்களுள் மிக உயர்ந்த உருகுநிலை (3422 பாகை செல்சியசு) உடையது. வெட்டுக்கருவிகள், துளையிடும் கருவிகள், படைக்கலன்கள், மின்விளக்கு இழைகள் ஆகியவற்றில் பயன்படுகிறது. உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவுடையது. இந்தியா தன் தேவைக்கு இறக்குமதியையே நம்பியுள்ளது.

ஏலம்

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் இத்தொகுதி பற்றிய அறிக்கையை 2021 இல் மாநில அரசிடம் அளித்தது. 2023 இல் திருத்தப்பட்ட சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கிய கனிமங்களை ஏலம் விடும் உரிமையை நடுவண் அரசுக்கு வழங்கியது. குத்தகை ஆணை வழங்கும் பொறுப்பு மட்டும் மாநிலத்திடம் நீடித்தது. 2024 நவம்பர் 7 அன்று இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வு பெற்றது.

சுற்றுச்சூழலும் தொன்மையும்

தொகுதிக்குள் ஏறத்தாழ 193 எக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதாகும். இங்கு ஏழு குன்றுகளும் பல ஏரிகளும் சுனைகளும் உள்ளன. சுமார் 250 பறவையினங்கள் பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, தேவாங்கு, அழுங்கு ஆகியன குறிப்பிடத்தக்கவை. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், சமணர் படுக்கைகள், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் ஆகியனவும் அரிட்டாபட்டியில் உள்ளன.

எதிர்ப்பும் கைவிடலும்

பாசன நிலங்களும் நீர்நிலைகளும் அழியும் எனக் கருதிய மக்கள் போராடினர். 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஏலத்திற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று நடுவண் சுரங்க அமைச்சகம், பாரம்பரியத் தலப் பகுதியை நீக்கி எல்லையை மாற்றியமைக்க ஆய்வு செய்யுமாறு கேட்டுக்கொண்டது. தொகுதி முழுவதும் கைவிடப்பட வேண்டும் என்று ஊரார் கோரினர். 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணி சென்றனர். சனவரி 23 அன்று நடுவண் அரசு ஏலத்தை முற்றிலும் நீக்கம் செய்தது.