கைப்பிடி சொன்ன பொய்

லேத் பட்டறையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். உள்ளே போயிருப்பீர்களா என்பது சந்தேகம். எண்ணெய் வாசனை, தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல், சத்தம். சட்டை அழுக்காகும் என்று வாசலோடு நின்றுவிடுவோம்.

அடுத்தமுறை ஒரு ஐந்து நிமிஷம் உள்ளே போய்ப் பாருங்கள். மெஷினில் ஒரு கைப்பிடிச் சக்கரம் இருக்கும். அதைச் சுழற்றினால் வெட்டும் உளி முன்னே போகும், பின்னே வரும். சக்கரத்தின் கழுத்தில் ஒரு வளையம், அதைச் சுற்றிலும் மெல்லிய கோடுகள். எத்தனை கோடு திருப்பினோமோ அத்தனை தூரம் உளி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படித்தான் அந்த வளையம் சொல்லும். பாதி நேரம் அது பொய்.

இந்தப் பொய்யோடு மெஷின்காரர்கள் சுமார் நூற்றைம்பது வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். பிறகு ஒருநாள் பொய்யைப் பிடித்துவிட்டார்கள். மெஷினின் தலைமாட்டில் சின்னதாக ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி. அதில் எண்கள் ஓடும். டிஜிட்டல் ரீட்அவுட் என்று பெயர். பட்டறை பாஷையில் டி.ஆர்.ஓ. பெட்டி என்னவோ கால்குலேட்டர் மாதிரி சாதாரணமாகத்தான் இருக்கிறது. அது வந்து சேர்ந்த வழி சாதாரணமில்லை.

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. ஜோசப் பிராமா என்று ஒரு பூட்டு முதலாளி. யாராலும் திறக்க முடியாத பூட்டு என்று பெயர் வாங்கியவர். திறந்து காட்டினால் 200 கினி பரிசு என்று கடை ஜன்னலில் சவால் விட்டு வைத்திருந்தவர். அந்தப் பூட்டைச் செய்வதற்கான கருவிகளை உருவாக்கிக் கொடுத்தது ஹென்றி மாட்ஸ்லே என்கிற இளைஞன். வாரம் 30 ஷில்லிங் சம்பளம். கல்யாணம் ஆகி, குழந்தை குட்டி பிறந்து, கொஞ்சம் கூட்டிக் கொடுங்களேன் என்று கேட்டான். முதலாளி முடியாது என்றார். 1797ல் மாட்ஸ்லே வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டான்.

உலகத் தொழில் வரலாற்றில் இதைவிட நஷ்டமான சம்பளச் சிக்கனம் எனக்குத் தெரிந்து இல்லை.

சொந்தப் பட்டறையில் அவன் செய்த முக்கியமான காரியம், துல்லியமான திருகாணி வெட்டும் லேத். திருகாணி என்றால் கதவுக்குப் போடுகிற சமாசாரம் என்று நினைக்காதீர்கள். ஒரு அங்குலத்துக்குச் சரியாக 100 மரை இருக்கிற திருகாணியை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு நகரும். அந்தச் சுற்றையே நூறு கோடுகளாகப் பிரித்து, ஒரே ஒரு கோடு மட்டும் திருப்பினால்? அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! நம்ம ஊர் ஆசாரி அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார். மாட்ஸ்லே பத்தாயிரமாகப் பிரித்தார். (பட்டறை முதலாளி ஆகிவிட்டார், இனி 'அவர்' போடுவோம்.)

இந்தத் தத்துவத்தில் 1805 வாக்கில் ஒரு அளவுகோல் இயந்திரம் செய்து மேஜை மேல் வைத்துக்கொண்டார். பட்டறையில் யார் செய்த சாமான் சரி, யாருடையது தப்பு என்று தகராறு வந்தால் அதில் வைத்துப் பார்த்துவிடுவார்கள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அதனால் அந்த இயந்திரத்துக்கு 'லார்ட் சான்ஸலர்' என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தின் உச்ச நீதிபதி! இப்போதும் லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஆக, திருகாணி ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தது. உளியை நகர்த்துவதும் அதுதான், எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து சொல்வதும் அதுதான்.

நான் காமர்ஸ் படித்தவன். ஆடிட்டிங் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. கல்லாவில் பணம் வாங்குகிறவனும் கணக்கு எழுதுகிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவன் யோக்கியனாகவே இருந்தாலும் கூடாது. தப்பு நடந்தால் வெளியே தெரியாது. அவ்வளவுதான் விஷயம். மாட்ஸ்லேயின் திருகாணி, கேஷியரும் கணக்கப்பிள்ளையுமாக ஒரே ஆள். எப்பேர்ப்பட்ட யோக்கியன் என்றாலும், வயசாக ஆகத் தேய்வான் இல்லையா?

தேய்ந்தது. திருகாணிக்கும் அது ஓடுகிற நட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழும். ஒரு திசையில் திருப்பிக்கொண்டே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நிறுத்தி, எதிர்த்திசையில் திருப்பிப் பாருங்கள். சக்கரம் சுற்றும், வளையத்தில் கோடுகள் ஓடும், மேஜை மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். இடைவெளி முழுக்கத் தீர்ந்த பிறகுதான் நகரும். பழைய சைக்கிளில் பெடலைக் கொஞ்சம் சும்மா மிதித்த பிறகு செயின் பிடிக்குமே, அதேதான். பேக்லாஷ் என்பார்கள். வளையம் பத்துக் கோடு நகர்ந்ததாகச் சொல்லும். உண்மையில் நகர்ந்தது பூஜ்யம்.

அனுபவசாலி டர்னர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வருவது. தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய், மறுபடி முன்னே வருவது. அதோடு சுற்றுகளை மனசுக்குள் எண்ண வேண்டும். 1938ல் அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்று ஒரு மில்லிங் மெஷின் வந்தது. உலகம் முழுக்கப் பட்டறைகளில் குடியேறிய மெஷின். அதில் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் மேஜை 0.200 அங்குலம் போகும். நீங்கள் 3.375 அங்குலம் போக வேண்டும் என்றால் பதினாறு சுற்று, அப்புறம் 175 கோடு. பன்னிரண்டாவது சுற்றில் யாராவது "டீ சாப்பிடலாமா?" என்று கேட்டால் தீர்ந்தது கதை.

தொழிற்சாலையில் ஒரு சாமான் வீணானால் முதலாளி கத்துவார், இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பொழுதுபோக்காகச் செய்கிறவன்?

இதென்ன, லேத்தில் பொழுதுபோக்கா என்று கேட்பீர்கள். உண்டு. பிரிட்டனில் அது ஒரு தனி ஜாதி. வாரம் முழுக்க ஆபீசில் ஃபைல் பார்த்துவிட்டு, வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நிஜமாகவே நீராவியில் ஓடுகிற குட்டி ரயில் எஞ்சின் செய்கிறவர்கள். இவர்களுக்காக 1898ல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் எஞ்சினியர்' என்று ஒரு பத்திரிகையே ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நாட்டிங்ஹாம் பக்கத்தில் பீஸ்டன் என்ற ஊரில் மைஃபோர்டு கம்பெனி இவர்களை மனத்தில் வைத்து எம்.எல்.7 என்ற சின்ன லேத்தைக் கொண்டுவந்தது. பீஸ்டன் தொழிற்சாலை 2011ல் மூடியாகிவிட்டது. லேத்துகள் இன்னும் கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கொட்டகை மனிதனை நினைத்துப் பாருங்கள். சிலிண்டருக்கு வார்ப்பு வாங்கி, வாரக் கணக்கில் இழைத்து, கடைசித் துளை போடும்போது சுற்று எண்ணிக்கையில் ஒன்று தப்பிப் போனால்? மாதக் கணக்கான சனி, ஞாயிறுகள் குப்பைத் தொட்டியில். கேஷியரை நம்பிய தண்டனை.

சரி, கணக்கப்பிள்ளையை எப்படித் தனியாகப் பிரித்தார்கள்?

இங்கே ஒரு சுவாரசியமான ஆசாமி வருகிறார். சர் தாமஸ் மெர்ட்டன். பரம்பரைப் பணக்காரர். சொந்த ஆய்வுக்கூடம். முதல் உலகப் போரின்போது, 1916ல், பிரிட்டிஷ் உளவுத்துறையில் எடுத்துக்கொள்ளப்பட்ட முதல் விஞ்ஞானி. ஜெர்மன் ஒற்றர்கள் துணிமணிகளில் ஏற்றிக் கொண்டுவந்த ரகசிய மையைக் கண்டுபிடித்தவர். இன்னொரு பக்கம் ஓவியப் பைத்தியம். போட்டிச்செல்லி வரைந்த ஒரு இளைஞனின் படம் இவர் வீட்டுச் சுவரில்தான் இருந்தது. 2021ல் நியூயார்க் ஏலத்தில் அது 9 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. கணக்குப் பார்க்கிற புத்தி எனக்கு, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மெர்ட்டனுக்குத் தேவைப்பட்டது ஒளியைப் பிரித்து ஆராய்வதற்கான கண்ணாடிப் பட்டை. அதில் மிக நெருக்கமாக, சம இடைவெளியில், ஆயிரக்கணக்கான கோடுகள் வேண்டும். ஒவ்வொரு கோடாகக் கீறுவது நாள் கணக்கில் ஆகிற வேலை. அவர் வேறு வழி யோசித்தார். ஒரு உருளையில் லேத்தை வைத்துச் சுருளாக ஒரே மரையாக வெட்டிவிட்டால்? சட்டென்று முடிந்துவிடும். ஆனால் லேத்தின் திருகாணியில் உள்ள கோளாறெல்லாம் அப்படியே உருளையில் ஏறிவிடுமே!

அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், ஒரு விசேஷ நட்டு. உள்ளே இரும்பு கிடையாது. தாவரத் தண்டுக்குள் மெத்தென்று ஒரு சோறு இருக்குமே, தஞ்சாவூர்க்காரர்கள் நெட்டி பொம்மை செய்வார்களே, அந்த ரகம். அதை வைத்து நட்டின் உட்புறத்துக்கு மெத்தை போட்டார். இந்த நீள நட்டு ஒரே சமயத்தில் ஏராளமான மரைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நகரும். ஒரு மரை கொஞ்சம் முன்னே இருக்கும், ஒன்று கொஞ்சம் பின்னே இருக்கும். மெத்தை இரண்டுக்கும் வளைந்து கொடுக்கும். நட்டு அத்தனை தப்புகளின் சராசரியில் போகும். தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். அந்த நட்டோடு இன்னொரு உளியைக் கட்டி, அதே உருளையின் மறு பாதியில் புதிய மரை வெட்டினார். அசலைவிட நகல் சுத்தம்!

பிறகு உருளை மேல் திரவமாக ஒரு பூச்சு, காய்ந்ததும் நீளவாக்கில் கீறி, ஆப்பச் சட்டியிலிருந்து ஆப்பத்தை எடுப்பதுபோல உரித்து, ஜெலட்டின் தடவிய கண்ணாடியில் விரித்துப் பதித்தார்கள். கோடு போட்ட கண்ணாடி மலிவாகத் தயார். டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இந்த முறையை எடுத்து வளர்த்தது. வருஷம் 1950ஐ ஒட்டி.

இப்போது கொசுவலையை எடுங்கள். இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு மடிப்பை லேசாக அசையுங்கள். பெரிய பெரிய கறுப்புப் பட்டைகள் அலை அலையாக ஓடும். வலை நகர்ந்தது ஒரு மயிரிழை, பட்டை ஓடியது ஒரு சாண். மொய்ரே என்று இதற்குப் பெயர். அலை அலையாக மினுங்கும் ஒருவகைப் பட்டுத்துணியின் பிரெஞ்சுப் பெயர் அது. கோடு போட்ட இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இது தெரியும் என்று ராலே பிரபு 1874லேயே எழுதி வைத்துவிட்டார். உபயோகப்படுத்தத்தான் ஆளில்லை.

ஆள், எடின்பரோவில் ஃபெராண்டி கம்பெனியில் இருந்தார். தியோ வில்லியம்சன். பாட்டுப் பிரியர்களில் பழைய ஆட்களுக்கு இந்தப் பெயர் தெரியும். 1947ல் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் வெளியான வில்லியம்சன் ஆம்ப்ளிஃபையர் இவருடையதுதான். வீட்டிலேயே ஹை-ஃபை செய்து பார்த்தவர்களுக்கெல்லாம் வேதம். அதே மனுஷர்தான் 1950களில் மெஷின்களைத் தானாக ஓடவைக்கும் கட்டுப்பாட்டு வேலையில் இறங்கினார். நீளக் கண்ணாடி ஒன்றை மெஷினின் மேஜையிலேயே ஒட்டு. குட்டிக் கண்ணாடியை அசையாத பாகத்தில் வை. நடுவே விளக்கு, எதிரே ஒளி உணரும் செல்கள். மேஜை நகர நகர, கறுப்புப் பட்டைகள் ஓடும். செல்கள் எண்ணும். செல்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால், எந்தப் பட்டை முதலில் எதன் மேல் விழுந்தது என்பதை வைத்து முன்னே போகிறதா, பின்னே போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கவனியுங்கள், திருகாணி எங்குமே வரவில்லை! அது தேயட்டும், லூஸாகட்டும். நகர்த்துகிற வேலை மட்டும்தான் இனி அதற்கு. அளக்கிறது வேறு ஆள். மேஜை எவ்வளவு நகர்ந்தது என்று மேஜையையே கேட்டாகிவிட்டது. ஆடிட்டருக்குத் திருப்தி.

கண்ணாடி அளவுகோலை ஜெர்மனியில் டிரான்ராய்ட் என்ற ஊரிலிருந்து ஹைடன்ஹைன் கம்பெனி பெரும் தொழிலாக்கியது. ஆரம்பகாலப் பெட்டிகளில் நிக்ஸி குழாய்கள் ஆரஞ்சு நிறத்தில் எண்களாக எரிந்தன. விலையும் எரிந்தது. கொட்டகை மனிதனுக்கு எட்டாக்கனி.

அவனுக்கு வழி திறந்தது, டிஜிட்டல் காலிப்பர் ரூபத்தில். 1980 வாக்கில் ஸ்வீடனில் பிறந்த சாதனம். கண்ணாடியும் இல்லை, விளக்கும் இல்லை. தாமிரப் பட்டைகளுக்கு இடையே மின்சாரம் தேங்கும் அளவு மாறுவதை வைத்து அளப்பது. பட்டன் பேட்டரியில் ஓடும். சீனா அதை நகலெடுத்துக் கொட்டியதும் விலை சரிந்தது. அந்த மலிவு காலிப்பர்களில் ஒரு சின்ன மூடிக்குக் கீழே யாரும் விளக்கம் கொடுக்காத நான்கு உலோகப் புள்ளிகள் இருந்தன. பொழுதுபோக்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒயரைச் சொருகிப் பார்த்தார்கள். அளவு 24 பிட் எண்ணாக வெளியே வந்துகொண்டிருந்தது. அப்புறமென்ன, காலிப்பரின் தாடையை அறுத்து எறிந்துவிட்டு உடம்பை மட்டும் லேத்தில் திருகினார்கள். தண்ணீர் பட்டால் கிறுக்குப் பிடிக்கும், இரும்புத்தூள் பட்டால் மறை கழலும். இருந்தாலும் ஓடியது. பிறகு சீனாவே கண்ணாடி அளவுகோலையும் மலிவாக்கியது. எண்களை ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் பார்ப்பதும் வந்தாகிவிட்டது.

பெட்டி சொன்னால் வேதவாக்கா? ம்ஹூம். மலிவு ரகக் கண்ணாடியில் கோடுகளுக்கு இடையே 20 மைக்ரான். அதை நான்காகப் பிரித்து 5 மைக்ரான் வரை காட்டும். மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. காட்டுவது வேறு, அது சரியாக இருப்பது வேறு. கண்ணாடி ஒட்டியிருப்பது மேஜையின் ஓரத்தில், வெட்டு நடப்பது நடுவில். உளி வளைந்தாலோ மழுங்கினாலோ பெட்டிக்குத் தெரியாது. கண்ணாடியைக் கோணலாகப் பொருத்தினால் கோணலையும் சேர்த்துத் துல்லியமாக அளக்கும். புதுக் கணக்கப்பிள்ளை யோக்கியன்தான். ஆனால் அவன் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து தெரிவதைத்தான் எழுதுவான். அதனால்தான் விவரம் தெரிந்த ஆட்கள் கடைசி வெட்டுக்கு முன்னால் மைக்ரோமீட்டரை எடுத்து சாமானையே ஒருமுறை அளந்துவிடுகிறார்கள்.

அந்தப் பெட்டியில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் மில்லிமீட்டர் அங்குலமாகும். 25.4 என்று காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று 1 ஆகும். இந்த 25.4 ஒன்றும் இயற்கை கொடுத்த எண் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அங்குலம் அதைவிடத் துளி குறைச்சல், அமெரிக்க அங்குலம் துளி அதிகம். ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டுனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், அளவுக் கட்டைகள் செய்து உலகத்துக்கு விற்றவர். ஆரம்பத்தில் கட்டைகளைச் சாணை பிடித்ததே மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்துத்தான். அங்குலக் கட்டை கேட்டவர்களுக்கு எந்த நாட்டு அங்குலத்தில் கொடுப்பது என்ற குழப்பம் வந்தபோது, இரண்டையும் விட்டுவிட்டு நடுவாக 25.4 என்று வெட்டிக் கொடுத்துவிட்டார். எல்லோரும் அவர் கட்டையை வைத்துத்தான் அளந்தார்கள். வேறு வழியில்லாமல் 1930ல் பிரிட்டனும் 1933ல் அமெரிக்காவும் தங்கள் தொழில் தரத்தில் அதையே ஏற்றன. அரசாங்கங்கள் கூடிக் கையெழுத்துப் போட்டபோது வருஷம் 1959. யோஹான்சன் இறந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது.