கண்ணுசாமி என்னும் கைதி

கொழும்புக் கோட்டையின் கதை – 9

1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி அரண்மனை மண்டபத்தில், ஆங்கிலேயரும் கண்டிப் பிரதானிகளும் செய்த ஒப்பந்தம் வாசிக்கப்பட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். எந்த மன்னனின் முடியைப் பறிக்க அது எழுதப்பட்டதோ, அவன் அன்று அந்த மண்டபத்தில் இல்லை. பெப்ரவரி 18 ஆம் திகதியே மெதமஹநுவரப் பக்கத்தில் பிடிபட்டு, படைக்காவலோடு கொழும்பை நோக்கிக் கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்தான். மார்ச் 6 ஆம் திகதி கோட்டைக்குள் நுழைந்தான். அரியணைப் பெயர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்; பெற்றோர் இட்ட பெயர் கண்ணுசாமி.

அதன்பின் பத்து மாதங்களுக்கு மேல் அவன் கொழும்புக் கைதி. எங்கே வைத்திருந்தார்கள்? வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களிற் பலர், ஜனாதிபதி மாவத்தையில் செலிங்கோ ஹவுஸ் வளாகத்திலுள்ள சின்னஞ்சிறு காவற்கூட்டைக் கண்டிருப்பார்கள். கண்டியின் கடைசி மன்னன் அடைபட்டிருந்த அறை இதுவென்று அங்குள்ள பலகை கூறுகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறோம்.

அந்தப் பலகைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது ஒரு பழம்புத்தகம். ஹென்றி மார்ஷல் இலங்கையைப் பற்றி எழுதி, 1846 இல் லண்டனில் வெளியான நூல் அது. மார்ஷல் ஸ்கொட்லாந்துக்காரர், பிரித்தானியப் படையின் வைத்தியர், 1808 முதல் 1821 வரை இந்தத் தீவில் பணியாற்றியவர். மன்னனுக்குக் கோட்டைக்குள் விசாலமான வீடொன்று ஒழுங்குசெய்து கொடுக்கப்பட்டதாக அவர் எழுதுகிறார். யோசித்துப் பார்த்தாலும் அதுவே பொருந்தும். அரசிகளோடும் உறவினரோடும் வந்தவனை அந்தக் கூட்டுக்குள் எப்படி வைத்திருக்க முடியும்?

பிரான்சில், 1703 நவம்பர் 19 ஆம் திகதி பஸ்தீல் சிறையில் இறந்த முகமூடிக் கைதி யாரென்று தேடி ஐரோப்பியர் எழுதிய நூல்கள் ஏராளம். வோல்டேர் முதல் டூமா வரை அதில் மயங்காதவர் குறைவு. அங்கே மறைக்கப்பட்டது பெயர். கொழும்புக் கைதியின் பெயர் ஊரறிந்தது. அந்தப் பெயருக்குரியவன் எப்படிப்பட்டவன் என்பதைத்தான் வென்றவர்கள் தமக்கு வேண்டியபடி எழுதினார்கள். அந்நிய வம்சத்துக் கொடுங்கோலனிடமிருந்து மக்களை மீட்டோம் என்பதே பிரித்தானியத் தேசாதிபதி பிரவுன்றிக்கின் அறிவிப்புகள் சொன்ன கதை.

மார்ஷல் அந்தக் கதையை அப்படியே விழுங்கவில்லை. 1798 இல், தென்னிந்திய வழிவந்த நாயக்க வம்சத்துப் பதினெட்டு வயது இளைஞன் கண்ணுசாமியை அரியணையில் ஏற்றியவர், 'முதல் அதிகாரம்' எனப்பட்ட தலைமை அமைச்சர் பிலிமத்தலாவ. ஏற்றிய கையாலேயே அவனை இறக்குவதற்கு அவர் தேசாதிபதி நோர்த்தோடு இரகசியம் பேசினார். அந்தச் சூது 1803 ஆம் ஆண்டுப் போரில் முடிந்தது. பிறகு அந்தப் பதவிக்கு எஹலெபொல வந்தார். அவரோடும் ஏனைய பிரதானிகளோடும் ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி ஓலைத் தொடர்பு வைத்திருந்தார். டொயிலியின் நாட்குறிப்பு 1917 இல் அச்சேறியபோது, கண்டிக்குள் உளவாளிகள் நாள்தோறும் போய்வந்த விவரம் அவர் கைப்படவே வெளிப்பட்டது.

மன்னனைக் குற்றமற்றவனாக்கவும் மார்ஷல் முயலவில்லை. வெள்ளைக்காரத் தேசாதிபதிகளைக் கோபத்தில் முடிவெடுக்க விடாமல் தடுக்க ஆலோசகர்கள் இருக்கிறார்கள்; கண்டியிலோ மன்னனின் சினம் ஆறுமுன்பே குற்றவாளியின் உயிர் போய்விடுகிறது என்று மன்னனே சொன்னதை அவர் பதிவுசெய்திருக்கிறார். தன் ஆட்சியின் கொடுமையைத் தானே உணர்ந்து பேசிய மனிதன் அந்தப் பக்கத்தில் இருக்கிறான். அறிவிப்புகளில் அவனைக் காணமுடியாது.

ஆங்கிலேயர் அவன் உறவுக்கும் அஞ்சினார்கள். மன்னனின் ஆண் உறவினர் மட்டுமல்லாமல், உறவினரென்று சொல்லிக்கொள்வோரும் கண்டி மாகாணங்களுக்குள் நுழையக்கூடாது என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு தடை விதித்தது. அந்த அச்சம் 1817 இல் உண்மையாயிற்று. வெல்லஸ்ஸவில் வில்பாவே என்பவர், தானே நாயக்க இளவரசன் துரைசாமி என்று கிளம்பினார். மக்கள் திரண்டார்கள். அவர்களை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய கண்டிப் பிரதானி கெப்பெட்டிபொலவே அந்தப் பக்கம் சேர்ந்தார். 'அந்நிய' வம்சத்தை மக்கள் வெறுத்தது உண்மையானால், அதே வம்சத்தின் பெயரைச் சொன்னவன் பின்னால் எதற்காகத் திரண்டார்கள்? பிரவுன்றிக்கின் கதைக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

மார்ஷலைப் படிக்கும்போது இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்ட கெப்பெட்டிபொலவின் வீரத்தை மதித்து எழுதியவர் அவர். கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனவரும் அவரே. இலங்கை சுதந்திரம் பெற்ற காலத்தில்தான் அது தாய்நாடு திரும்பியது. வென்றவர் தரப்பின் குற்றம் அவர் கையிலும் படிந்திருக்கிறது. அந்தத் தரப்பில் நின்றவரே அதன் கதையை மறுக்கிறார் என்பதால் அவர் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

ஆகவே, காவற்கூட்டின் பலகை திருத்தப்பட வேண்டும் என்பதை இத்தொடரின் மூலம் கேட்டுக்கொள்கிறேன். மன்னன் வைக்கப்பட்டது கோட்டைக்குள் ஒரு வீட்டில் என்றும், 1816 ஜனவரியில் கோர்ன்வாலிஸ் கப்பலில் நாடுகடத்தப்பட்டு, 1832 ஜனவரி 30 இல் வேலூரில் இறந்தான் என்றும் அது சொல்லட்டும். இரும்புக் கம்பியைக் காட்டி இரக்கம் வரவழைப்பதைவிட, அவன் யாரென்று சொல்வதே அவனுக்கும் நம் பிள்ளைகளுக்கும் செய்யும் நியாயம்.

அந்தக் கப்பலில் மன்னனோடு சென்ற அதிகாரி வில்லியம் கிரான்வில் ஒரு குறிப்பேடு எழுதி வைத்தார். அடுத்த வாரம் அதைப் புரட்டுவோம்.

(தொடரும்)