விசாகா தீர்ப்பில் இல்லாத சாதி

பன்வாரி தேவி ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்ட ஊழியர், குயவர் சாதி. செல்வாக்குள்ள குஜ்ஜர் வீட்டில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருடைய வேலை. அதற்காகவே 1992 செப்டம்பரில் கூட்டு வன்புணர்வு செய்யப்பட்டார். 1995இல் கீழமை நீதிமன்றம் ஐவரையும் அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உயர்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொடுவார்களா என்பதும் அதன் தர்க்கம்!

பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1997இல் விசாகா நெறிமுறைகள் வந்தன. தீர்ப்பு அவரை ‘சமூகப் பணியாளர்’ என்று மட்டுமே சொல்கிறது. பெயரை மறைத்ததில் நியாயம் இருக்கலாம். சாதியை ஏன் மறைக்க வேண்டும்?

2013 சட்டம் மாவட்ட உள்ளூர்க் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைப் பெண் ஒருவரைக் கேட்கிறது. நிறுவனங்களின் உள்ளகக் குழுவுக்கு அந்த நிபந்தனையே இல்லை.