லண்டனிலிருந்து சிவகாசி வழியாக ஒரு கை

1962 அக்டோபரில் லண்டனில் ‘வேலியன்ட்’ வார இதழ் தொடங்கியபோது முதல் இதழிலேயே அந்தக் கையும் வந்துவிட்டது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்த லூயி கிராண்டல் எஃகுக் கை பொருத்திக்கொள்கிறான். இன்னொரு விபத்தில் மின்சாரம் தாக்க, ஆள் மறைந்துபோகிறான். கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பத்து வருடம் கழித்து, 1972-ல், அந்தக் கை சிவகாசியில் வந்து இறங்கியது. முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே ‘இரும்புக்கை மாயாவி’தான். அங்கிருந்து தூத்துக்குடி கடைத்தெருவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அறிவியல் வாத்தியார் யாரும் இந்தக் கதைக்குப் பாஸ் மார்க் போடமாட்டார். மின்சாரம் பாய்ந்தால் ஆள் கருகுவானே தவிர மறையமாட்டான். மறைந்தாலும், ஒளி உடம்பை ஊடுருவிப் போய்விட்டால் விழித்திரையில் எதுவும் விழாது. மாயாவிக்குக் கண் தெரியக் கூடாது. அதெல்லாம் போகட்டும், எங்கள் உப்புக்காற்றில் அந்தக் கை ஒரே மாதத்தில் துருவேறியிருக்கும்.

ஆனாலும் நம்பினோம். காரணம், அந்தப் பொய்க்கு ஒரு கணக்கு இருந்தது. மின்சாரம் கிடைத்தால்தான் மறையலாம். சற்று நேரத்தில் உருவம் திரும்பிவிடும். கையை மறைக்கவே முடியாது. பிளக் பாயின்ட் எங்கே என்று மாயாவியோடு சேர்ந்து நாமும் தேடினோம்.

மாயத்துக்குக் கணக்கு வேண்டும் என்பது எங்கள் தூத்துக்குடிக் கரைக்குப் பழைய பாடம். முத்துக்குளிப்பவர்களைப் பெரிய மீன்கள் தீண்டாதபடி மந்திரம் போடுகிறவர்களுக்கு, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அந்த மந்திரம் பகலுக்கு மட்டுந்தான். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். கூலியும் காலக்கெடுவும் சொல்லப்பட்ட மாயத்தைக் கேட்பவர் அவ்வளவு லேசில் தள்ளமாட்டார்.

மூச்சடக்கி மூழ்கும் பெரிய முத்துக்குளிப்பு இங்கே 1961-ஓடு நின்றது. 1973 ஜூலையில், மாயாவி தமிழ் பேசத் தொடங்கிய மறு வருடம், தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். சிப்பிக்குள் ஓட்டில் கடைந்த மணி ஒன்றையும் இன்னொரு சிப்பியின் சதைத்துண்டையும் வைத்துவிட்டால், மேலே அடுக்கடுக்காகப் பூசுவது சிப்பியின் வேலை. சூப்பர் ஹீரோ கதைக்கும் உள்ளே ஒரு மணி போதும். மேல்பூச்சு அசலாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறி மணிகளைத் திணித்தால் சிப்பி தாங்காது.

அப்படித்தான் ஆனது. போகப்போக மாயாவியின் விரல்களில் குண்டும் வாயுவும் வந்து ஏறின. கொஞ்ச காலம் சூப்பர் ஹீரோ உடுப்புகூட மாட்டிவிட்டார்கள். சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுதிய, ஸ்பைடர் என்ற இன்னொரு காமிக்ஸ் நாயகனின் கதைகளோ எடுத்த எடுப்பிலேயே எல்லை தெரியாதவை. ஸ்பைடர் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். எதையும் செய்யக்கூடிய நாயகனைப் பற்றி எனக்குக் கவலை வருவதில்லை. கவலை வராத கதையில் அடுத்த பக்கத்தைப் புரட்டவும் கை போவதில்லை.

மாயாவி கதைகள் இப்போதும் மறுபதிப்பாக வருகின்றன. வாங்கினால் முதல் கதையிலிருந்து தொடங்குங்கள். உடுப்பு மாட்டிய கதைகளை விட்டுவிடலாம்.