நூலகருக்கு யார் பாடம் நடத்துவது?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தொழிற்சாலைகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கிய ஹூண்டாய், 2006 முதல் 2014 வரை செல்போன் தயாரித்து மூடப்பட்ட நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் திறக்கப்பட்ட ரெனோ-நிசான் என்று பட்டியல் நீளும். அதற்கெல்லாம் முன்பிருந்தே அந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. ராமானுஜர் பிறந்த ஊர் அது.

ராமானுஜரைப் பற்றிய ஒரு கதை தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து ஒரு மந்திரத்தைக் கற்றார். வெளியே சொன்னால் நரகம்தான் என்று குரு எச்சரித்திருந்தார். ராமானுஜரோ நேராகக் கோயில் கோபுரத்தில் ஏறி, ஊரையே கூப்பிட்டு அதைச் சொல்லிவிட்டார். "இத்தனை பேருக்கு நல்லது நடக்குமென்றால் நான் ஒருவன் நரகம் போனால் என்ன?" என்று கேட்டாராம்.

காசு வாங்காமல், ஆள் பார்க்காமல் பாடத்தைப் பொதுவில் வைப்பது என்பதற்கு நம் ஊரில் இதைவிடப் பழைய உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையின் விஷயம் அவ்வளவு பெரியது அல்ல. நூலக ஊழியர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது பற்றியது. ஆனால் அந்தச் சின்ன விஷயத்துக்குப் பின்னாலும் நூறு வருடக் கதை இருக்கிறது. அந்தக் கதை பெரும்பாலும் சென்னையில்தான் நடந்தது.

கணக்கு வாத்தியார் நூலகரானார்

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரை நியமித்தது. வந்தவர் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அவருக்கு நூலகத் துறையில் எந்தப் பயிற்சியும் கிடையாது. வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே சலிப்பு தட்டிவிட்டது. வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகியவருக்கு ஆளே வராத நூலகம் தண்டனையாக இருந்தது. பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று கேட்டார். இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகர்களுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது. அங்கே பெர்விக் சேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் படித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கில நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளி, குழந்தை, இல்லத்தரசி என்று எல்லோரும் நூலகத்துக்கு வருவதையும், அவர்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருப்பதையும் அங்கே கண்டார். புத்தகத்துக்குக் காவல் இருப்பவர் வேறு, நூலகர் வேறு என்பது புரிந்தது. 1925-ல் திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு கணக்கு வாத்தியார் வேலையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் அதற்கு முன் நூலகப் பயிற்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பரோடா மன்னர் அழைத்து வந்த அமெரிக்கர் வில்லியம் போர்டன் 1911-ல் அங்கே வகுப்பு நடத்தினார். 1915-ல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆசா டான் டிக்கின்சன் என்ற இன்னொரு அமெரிக்கர் நடத்தினார். ஆனால் பரோடாவும் லாகூரும் தென்னாட்டுக்காரருக்கு எட்டாத தூரம்.

கோடை விடுமுறையில் ஒரு பள்ளி

1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. செயலாளர் ரங்கநாதன். அதே வருடம் டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில்தான் அவர் தன் புகழ்பெற்ற ஐந்து விதிகளை முதன்முதலில் விளக்கினார். அவை 1931-ல் புத்தகமாக வந்தன. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவற்றில் நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது.

1929-ல் சங்கம் நூலகப் பயிற்சிக்கு ஒரு கோடைப் பள்ளியை நடத்தியது. கோடையில் வைத்ததுதான் இதில் முக்கியம். பள்ளிக்கூட நூலகத்தைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியருக்கு, வேலையை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் படிக்க வசதி ஏது? விடுமுறையில் வந்து, தன் அலமாரிக்குத் தேவையானதைக் கற்று, ஜூனில் பள்ளி திறக்கும்போது திரும்பிப் போய்விடலாம். இரண்டு வருடம் சங்கம் நடத்திய பிறகு 1931-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை ஏற்றுக்கொண்டது. 1930களின் பிற்பகுதியில் அது ஒரு வருட முதுகலை டிப்ளமோவாக உயர்ந்தது.

அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கினார். வாசகர் வர முடியாத இடத்துக்கு நூலகம் போனது. கோடைப் பள்ளியும் ஒரு வகையில் அதே எண்ணம்தான். நூலகருக்குத் தோதான நேரத்துக்குப் பாடம் வந்தது.

டிப்ளமோ ஆனதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நூலகர் என்பது படித்துச் செய்ய வேண்டிய தொழில் என்ற மரியாதை கிடைத்தது லாபம். ரங்கநாதன் அதற்காகவே உழைத்தார். பின்னாளில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதா பெயரையும் சேர்த்து நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படக் காரணமானார். நஷ்டம் என்னவென்றால், ஏற்கனவே வேலையில் இருப்பவர், அதிகம் படிக்காதவர், சிற்றூர்க்காரர் ஆகியோருக்கு வாசல் குறுகியது.

சட்டமும் பத்து காசும்

1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுதான். இதன் பின்னாலும் ரங்கநாதனின் பல வருட முயற்சி இருந்தது. 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

வணிகவியல் மாணவர்களுக்கு இந்தச் சட்டத்தில் பிடித்த பகுதி நூலக வரியாகத்தான் இருக்கும். வீட்டு வரி, சொத்து வரியோடு சேர்த்து இது வசூலாகிறது. இன்றைய கணக்குக்கு ஒரு ரூபாய் வரிக்குப் பத்து காசு. அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் வீடு கட்டி வரி கட்டுகிறவர் நூலகப் பக்கமே போகாதவராக இருந்தாலும் காஞ்சிபுரம் மாவட்ட நூலகங்களுக்குப் பங்கு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அரசு மானியத்தை மட்டும் எதிர்பார்த்திருக்காமல் நூலகத்துக்கென்று ஒரு வருமானத்தை எழுதி வைத்தது பெரிய விஷயம்.

1972-ல் பொது நூலகங்களுக்குத் தனி இயக்ககம் அமைந்தது. நூலகப் படிப்புப் படித்த ஒருவரே, வே.தில்லைநாயகம், அதன் இயக்குநரானார். நூலக இயலைத் தமிழில் எழுத முடியும் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அவருடைய 'இந்திய நூலக இயக்கம்' தமிழில் இத்துறைக்குக் கிடைத்த பெரிய நூல்களில் ஒன்று.

அடுத்த பெரிய அலை 2006-ல் வந்தது. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஐந்து வருடங்களில் 12,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் சேர்ந்தன. அந்த ஊர்களில் நூலகக் கட்டடம் எழுந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்தவர்கள் சொற்ப மதிப்பூதியம் வாங்கிய பகுதி நேர ஆட்கள். பட்டியல் போடுவது எப்படி, பகுப்பு எண் என்றால் என்ன, பிள்ளைகளை எப்படி உள்ளே இழுப்பது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பல ஊர்களில் அந்தக் கட்டடங்கள் பூட்டியே கிடந்ததற்குப் பயிற்சி இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவும் ஒரு காரணம்.

கடல் தாண்டி இருபத்து மூன்று விஷயங்கள்

அதே 2006-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு சுவாரஸ்யமான வேலை நடந்தது. சார்லட் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய ஹெலன் புளோவர்ஸ், தன் ஊழியர்களுக்கு இணையத்தைப் பழக்க 23 சின்னச் சின்னப் பயிற்சிகளைத் தயாரித்தார். வலைப்பதிவு தொடங்குவது, படங்களைப் பகிர்வது, விக்கியில் எழுதுவது என்று ஒன்பது வாரத்தில் அவரவர் வேகத்தில் செய்து முடிக்கலாம். முடித்தவர்களுக்கு ஓர் எம்பி3 பிளேயர் பரிசு! பாடத்தைப் பூட்டி வைக்காமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டதால், பல நாட்டு நூலகங்கள் அதை நகலெடுத்துத் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொண்டன. அதற்கு மூன்று வருடம் முன்பே, 2003-ல், நூலக ஊழியர்களுக்கென்றே வெப்ஜங்ஷன் என்ற இணையப் பயிற்சித் தளம் தொடங்கியிருந்தது.

இந்தியாவில் இது சற்றுத் தாமதமாக வந்தாலும் பெரிதாக வந்தது. 2017 ஜூலையில் மத்திய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியது. பாடம் கேட்பது இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கக் கட்டணம். 2018-ல் அதே தளத்தில் உயர்கல்வி ஆசிரியர்களுக்கான ஆர்பிட் பயிற்சி வந்தபோது நூலக அறிவியலுக்கும் அதில் இடம் கிடைத்தது. அதை முடித்தால் பணி உயர்வுக்கும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்றார்கள். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கோஹா என்ற இலவச நூலக மென்பொருளுக்கு ஒரு பாட வரிசை இருக்கிறது. அந்தத் திட்டத்தின் பல பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன.

பிறகு 2020-ல் கொரோனா ஊரடங்கு. நூலகங்கள் மூடின, வெபினார்கள் திறந்தன. கல்லூரிகளும் சங்கங்களும் போட்டி போட்டுக்கொண்டு நூலகர்களுக்கு இலவச இணைய வகுப்புகள் நடத்தின. பலருடைய மின்னஞ்சல் பெட்டி இ-சான்றிதழ்களால் நிரம்பியது.

விலை இல்லை, செலவு உண்டு

ஆக, 1929-ல் இருந்த தட்டுப்பாடு இன்று இல்லை. பாடம் கொட்டிக் கிடக்கிறது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் இளைஞரை யாரும் நேராக லைனில் நிறுத்துவதில்லை. பல வாகனத் தொழிற்சாலைகளில் டோஜோ என்று ஒரு பயிற்சிக் கூடம் இருக்கிறது. ஜப்பானியத் தற்காப்புக் கலைப் பள்ளியின் பெயர் அது. போல்ட்டை எப்படி முடுக்குவது, எங்கே கை வைக்கக் கூடாது என்று அங்கே பழக்கிய பிறகுதான் லைனுக்கு அனுப்புவார்கள். அந்த நாட்களுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு. இதில் தர்மம் ஒன்றும் இல்லை, கணக்குதான். தெரியாத ஆளை நிறுத்தினால் வரும் நஷ்டம் பயிற்சிச் செலவைவிட அதிகம்.

அதே சாலையில் உள்ள ஓர் ஊராட்சி நூலகருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு லிங்க். வீட்டுக்குப் போய், சொந்த டேட்டாவில், தூங்கப் போகும் நேரத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் வீடியோவை அவர் பார்க்க வேண்டும். பார்த்து முடித்தாலும் அவருடைய மதிப்பூதியத்தில் ஒரு ரூபாய் கூடாது. கல்லூரி நூலகருக்கு அந்தச் சான்றிதழ் பணி உயர்வுக்கு உதவும். கிராமத்து நூலகருக்குச் சுவரில் மாட்ட உதவும். பொருளாதாரப் பாடத்தில் இதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு. பாடத்தின் விலை பூஜ்யம்தான், ஆனால் கற்பதன் செலவு பூஜ்யம் இல்லை. அந்தச் செலவு முழுவதும் குறைவாகச் சம்பாதிக்கிறவர் தலையில் விழுகிறது.

இதில் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று சொல்ல ஆள் வேண்டும். தேசிய மின் நூலகத்தை எப்படித் திறப்பது என்று காட்ட ஆள் வேண்டும். நோக்கியா மூடியபோது ஆயிரக்கணக்கானோர் வேறு வேலை தேட வேண்டி வந்த பகுதி இது. இங்கே நூலகம் என்பது பொழுதுபோக்கு இடம் மட்டும் அல்ல.

1929-ன் கோடைப் பள்ளி நமக்குச் சொல்லித் தருவது இதைத்தான். அது பிழைத்ததற்குக் காரணம் பாடத்தின் தரம் மட்டும் அல்ல. படிக்க வந்தவரின் நேரம் எது என்று பார்த்து வைத்தார்கள், பிறகு பல்கலைக்கழகத்தின் அங்கீகாரமும் வாங்கிக்கொடுத்தார்கள். இன்றும் அதையே செய்யலாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைப் பணி நேரத்திலேயே படிப்புக்கு ஒதுக்கலாம். பாடத்தைத் தமிழில் தரலாம். முடித்தவருக்கு ஊதியத்திலோ பணியிலோ ஏதாவது ஒரு படி ஏற்றம் தரலாம். மக்கள் கட்டும் பத்து காசில் ஒரு பங்கை இதற்கென்று எழுதி வைத்தால் போதும்.

வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று ரங்கநாதன் விதி எழுதினார். நூலகரின் நேரத்துக்கும் ஒரு விதி எழுத வேண்டிய காலம் இது.